துண்டுக்குள் போன விலை

மாடுகளுக்குப் பேச்சு இருந்த காலம் அது. சுள்ளிப்பாளையம் சந்தையால் பிறந்த ஊர். சந்தை கூடாத நாளில் அங்கே காக்கைகூட இறங்காது. அந்த மாட்டுச் சந்தையில் அப்போதெல்லாம் விலையை ஊர் கேட்கக் கத்தித்தான் சொல்வார்கள். ஒளிவுமறைவு கிடையாது என்பதில் ஊருக்கு ஏகப்பட்ட பெருமை. மாடுகளும் பேரத்தில் சேர்ந்துகொள்ளும். "எனக்கு எடது கால் நோவும், வண்டிக்கு ஆக மாட்டேன்" என்று தானே சொல்லிவிடும். மனிதனுக்கு அந்த நேர்மை எங்கே வந்தது?

ராக்கியப்பன் என்ற குடியானவன் தன் கிழட்டு எருது மயிலையை விற்க ஓட்டி வந்தான். வழியெல்லாம் அதற்குச் சமாதானம் சொன்னான்.

"பயப்படாத மயிலை. நல்ல தோட்டக்காரனாப் பாத்துத்தான் புடிச்சுக் குடுப்பேன். நெழல்ல கட்டித் தீனி போடுவான்."

"நீ சொன்னாச் சரி, ராக்கியா" என்றது எருது. பாவம், நம்பியது.

சந்தையில் எந்தத் தோட்டக்காரனும் மயிலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் ஏறியது. தோல் வியாபாரி ஒருவன்தான் வந்து நின்றான். ராக்கியப்பன் நினைத்திருந்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பினானா? சந்தையே கேட்கக் கத்தினான்.

"உழச்சு ஓஞ்ச மாடுங்க. எலும்பும் தோலுந்தான் மிச்சம். தோலுக்கு மட்டும் வெல சொல்லுங்க."

மயிலை தலையை நிமிர்த்தியது.

"மழ பொய்ச்ச வருசம் உன் கூரை ஓலையத் தின்னுட்டு உழுதனே, அது எலும்பா? உம் பொண்டாட்டி பிரசவ வலியில துடிச்சப்போ ஆத்து வெள்ளத்துல வண்டிய இழுத்துக் கரையேத்துனனே, அது வெறுந்தோலா? நீ சத்தமாச் சொன்னதும் நல்லதாப் போச்சு. எங்க சனம் பூராக் கேட்டுருச்சு. இனி உங்களோட எங்களுக்குப் பேச்சில்ல."

சந்தையில் இருந்த அத்தனை மாடுகளும் வாயை மூடிக்கொண்டன.

இதற்குப் பிறகாவது அவன் மனம் மாறியிருக்கும் என்று நினைப்பீர்கள். எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். மாறவில்லை. கயிறு கை மாறியது. "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ மயிலை" என்று பின்னாலேயே ஓடினான், வெட்கங்கெட்டவன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த சந்தையில் விலை சொல்ல வாய் திறந்தவர்களைப் பக்கத்தில் நின்ற மாடுகள் ஏறிட்டுப் பார்த்தன. பேசவில்லை, பார்த்தன. ஒருவனுக்கும் நாக்கு எழவில்லை. விற்காமல் போகவும் மனமில்லை. கடைசியில் ஒருவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து எதிராளியின் கைமேல் போட்டான். அதற்குள், விரலுக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்து, விரலைப் பிடித்தே பேரம் முடிந்தது. ஊரின் பெருமையும் அந்தத் துண்டுக்குள்ளேயே போயிற்று.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசும் வழக்கம் அன்றைக்குத் தொடங்கியதுதான். கேட்டால், பக்கத்து வியாபாரிக்குத் தெரியக் கூடாது என்பார்கள். பொய். மாட்டுக்குத் தெரியக் கூடாது.