கெட்டியான பிஸ்டன்

"உள்ளே ஆறு பிஸ்டன் குதிக்குது மாஸ்டர். இந்த இன்ஜின் எப்படி உடையாம இருக்கும்?"

கேட்டவர் தவசிலிங்கம். வயது ஐம்பத்து நாலு. இருபது வருடம் எஸ்டேட் டிராக்டர் ஓட்டியவர். மாஸ்டர் என்று அவர் அழைத்தது எஸ்டேட் ஷெட்டின் தலைமை மெக்கானிக் செலினை. அவளுக்கு முப்பத்தொன்று. ஆறு மாதமாக அவளிடம் வேலை பழகுகிறார்.

செலின் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"நடுங்குது" என்றாள்.

தவசிலிங்கமும் கையை வைத்துப் பார்த்தார். எஸ்டேட்டில் இருப்பது இந்த ஒரு கார்தான். வெள்ளிக்கிழமை காலை அவர் மகள் மங்கையை இதில்தான் பிரசவத்துக்கு மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஓட்டப்போவது அவர். இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவரும் அவர்.

"என்ன பண்ணினீங்க அண்ணே?"

"சொல்லிக்குடுத்தபடிதான்."

"அண்ணே."

"மூணாவது பிஸ்டன்ல கீறல் இருந்தது. கெட்டியானதா பார்த்து வாங்கிப் போட்டேன். புள்ளத்தாச்சி போற வண்டியாச்சே."

செலின் இன்ஜினை நிறுத்தினாள். ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் மதியத்துக்குள் மேல்மூடி கழன்று, பிஸ்டன் ஓடும் ஆறு குழிகளும் திறந்து கிடந்தன. செலின் கையாலேயே இன்ஜினைச் சுற்றினாள். மெதுவாக.

முதலாவதும் ஆறாவதும் சேர்ந்து மேலே வந்தன. ஒரு கணம் நின்றன. அப்போது இரண்டாவதும் ஐந்தாவதும் ஏறிக்கொண்டிருந்தன. மூன்றாவதும் நாலாவதும் இறங்கிக்கொண்டிருந்தன.

"எல்லாம் ஜோடி ஜோடியா" என்றார் தவசிலிங்கம்.

"ம்."

"ஒரு ஜோடி ஏறும்போது ஒரு ஜோடி இறங்குது."

"ஏறுற உதறலை எது வாங்கிக்குது?"

"இறங்குறது."

"மூணாவதுக்கு ஜோடி யாரு?"

"நாலாவது."

"அது என்ன கனம்?"

எல்லாவற்றையும் கழற்றித் தராசில் வைத்தார்கள். ஐந்தும் ஒரே எடை. மூன்றாவது மட்டும் இருபது கிராம் கூடுதல்.

செலின் அதை அவர் மடியில் போட்டாள். கூடவே ஓர் அரத்தையும்.

"உள்பக்கமா அராவுங்க. மத்த அஞ்சு எவ்வளவோ, அவ்வளவு."

"கெட்டியானதைப் போய்த் தேய்க்கச் சொல்றீங்களே. நாளைக்கு வளைவுல உடைஞ்சா?"

"கனமானதைப் போட்டு நேத்தே உடைக்கத்தானே பார்த்தீங்க."

அவர் அராவினார். ஒவ்வொரு இழுப்புக்கும் மகள் பெயரைச் சொல்லிக்கொண்டார். தராசு சமமாக நிற்கும்போது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. பூட்டி முடித்த இன்ஜினைச் செலின் கிளப்பினாள். இருபது வருடம் டிராக்டரில் குலுங்கிய உடம்புக்கு இந்தச் சத்தம் சத்தமாகவே தெரியவில்லை.

"ஓடுதா?"

"ஓடுது."

"மாஸ்டர், எனக்கு இப்பத்தான் ரொம்ப பயமா இருக்கு."

செலின் ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினாள். ஓடுகிற இன்ஜின் மேல் அதை வைத்தாள். வேகத்தைக் கூட்டினாள்.

தண்ணீர் அசையவில்லை. கூரையின் துவாரம் ஒன்று அதில் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது.

"எடுத்துக் குடிங்க அண்ணே."

தவசிலிங்கம் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டிவிட்டது.

செலின் சிரிக்கவில்லை. சாவி வண்டியிலேயே இருந்தது. அதை எடுக்கவும் இல்லை, அவரை ஏறச் சொல்லவும் இல்லை.

வெளியே மங்கையின் குரல் கேட்டது. "அப்பா, போலாமா? விட்டு விட்டு வலிக்குது."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நனைந்த கையைச் சட்டையில் துடைத்தார். ஓட்டுநர் இருக்கையின் கதவைச் செலினுக்காகத் திறந்துவிட்டார்.

"நான் பின்னால உட்கார்ந்துக்கறேன்" என்றார். "அவ என் கையைப் பிடிச்சுக்கட்டும்."