கக்கத்தில் இருந்த குழல்

ரெக்கார்டர் என்று ஒரு சீமைக் குழல் உண்டு. பாட்டைப் பதிவு பண்ணுகிற சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். மரத்தில் கடைந்தது. புல்லாங்குழல் மாதிரி குறுக்கே பிடிக்காமல் நேராக வாயில் வைத்து ஊதுவது. முந்நூறு வருஷத்துப் பழைய சங்கீதம் வாசிக்கிறவர்கள்தான் இன்றைக்கு அதை வைத்திருக்கிறார்கள்.

அதை ஊதியே பிழைக்கிற சலோமி டீச்சர் குன்னூரில் இருந்தார். ஹாலந்து தேசத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். வயசு நாற்பது. அவரிடம் பாடம் கேட்ட இஞ்ஞாசிக்கு ஐம்பத்திரண்டு. திண்டுக்கல் பேண்ட் செட்டில் முப்பது வருஷம் கிளாரினெட் ஊதிய ஆள். சிஷ்யர்தான் மூத்தவர் என்பதால் டீச்சர் அவரை அண்ணே என்றே கூப்பிடுவார்.

இரண்டு வருஷப் பாடத்துக்குப் பிறகு, ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, இஞ்ஞாசியை முதல் தடவையாகத் தன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க டீச்சர் கூட்டிப்போனார். மலைமேல் கல்லால் கட்டின கோயில். இயேசு சிலுவையில் பட்ட பாடுகளை அன்று மூன்று மணி நேரம் பாட்டாகவே பாடுவார்கள். வயலின்காரர்களுக்கு ஓயாத வேலை. குழல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பாட்டு, அதுவும் முடியப்போகிற சமயத்தில். நாலு நிமிஷம்.

அன்று காலையில்தான் பழைய பேண்ட் மாஸ்டர் போன் பண்ணியிருந்தார். முதல் கிளாரினெட் இடம் காலியாக இருக்கிறது, சாயங்காலம் கூப்பிடுவேன், வருகிறாயா இல்லையா என்று அப்போது சொல்லிவிடு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்றார். அங்கே எவ்வளவு நேரம் ஊதுகிறாய் என்றும் கேட்டார். நாலு நிமிஷம் என்றதும் சிரித்தார். கோயில் மணிகூட அதைவிடக் கூடுதலாக அடிக்குமே என்றார்.

இஞ்ஞாசிக்கு அது தைத்துவிட்டது. கோயில் வாசலில் டீச்சரை நிறுத்தினார்.

"மூணு மணி நேரம் சும்மா உக்காந்துட்டு நாலு நிமிஷம் ஊதுறது ஒரு தொழிலா டீச்சர்?"

"வாசிச்சுட்டு வந்து பேசுவோம் அண்ணே."

மூன்று மணிக்கு ஆரம்பித்தார்கள். டீச்சர் குழலைச் சால்வைக்குள் விட்டு வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மரக்குழல் குளிர்ந்துபோனால் சுருதி இறங்கும். சூடான மூச்சு பட்டதும் உள்ளே தண்ணீர் கட்டிப் பாதியில் அடைத்துக்கொள்ளும். முதல் நாளே சொல்லிக்கொடுத்ததுதான். இஞ்ஞாசியும் கால் மணி நேரம் கக்கத்தில் வைத்திருந்தார். தோள் கடுத்தது. கோழி அடைகாக்கிற மாதிரி இதென்ன என்று தோன்றிற்று. மடியில் பட்டுத்துணியை விரித்து, குழலை அதன்மேல் மரியாதையாகக் கிடத்தினார். அப்புறம் கூரை உத்தரங்களை எண்ணினார். முன்வரிசையில் எத்தனை பேர் குல்லா போட்டிருக்கிறார்கள் என்று எண்ணினார். மாஸ்டருக்கு என்ன சொல்வது என்று யோசித்தார். கொஞ்சம் கண் அசந்தார்.

டீச்சர் பாட்டுப் புத்தகத்தை இடது கையாலேயே திருப்பிக்கொண்டிருந்தார்.

ஐந்தரை மணிக்கு, குழல் பாட்டைத் தனியாகப் பாடவேண்டிய அம்மா எழுந்து நின்றார். இஞ்ஞாசி குழலை எடுத்தார். ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது. அவர் முகம் போன போக்கை டீச்சர் பார்த்தார். தன் குழலை அவர் கையில் வைத்துவிட்டு, அவருடையதை வாங்கிக்கொண்டார்.

உடம்புச் சூட்டோடு இருந்தது அந்தக் குழல். முதல் சுரமே சுத்தமாக நின்றது. அப்படி ஒரு நாதம் தன் மூச்சில் வரும் என்று இஞ்ஞாசிக்கே தெரியாது. ஆனால் பக்கத்தில் சத்தம் இல்லை. டீச்சர் குளிர்ந்த குழலின் தலையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி ஏழெட்டுச் சுரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். கோல் பிடித்து நடத்துகிறவர் டீச்சரையே முறைத்தார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தார்கள். பாடின அம்மா இஞ்ஞாசியின் கையைப் பிடித்துக்கொண்டு, பேண்ட் செட்காரர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்றார். டீச்சரைப் பார்த்து, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டார். டீச்சர் சிரித்துவைத்தார்.

அந்த அம்மா போகிற வரைக்கும் இஞ்ஞாசி தலை நிமிரவில்லை.

"என்னால இன்னிக்கு நீங்க வாசிக்காமப் போயிட்டீங்க டீச்சர்."

டீச்சர் அவருடைய குழலைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் மூணு மணிக்கே ஆரம்பிச்சுட்டேன் அண்ணே."

இஞ்ஞாசி குழலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போன் அடித்தது. மாஸ்டர்தான்.

"என்னப்பா, நாலு நிமிஷம் ஊதி முடிச்சாச்சா?"

"நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க மாஸ்டர். நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."