சிணுங்குற ரப்பர்

படுத்தாச்சா? காலை ஆட்டாத, ஆட்டுனா கதை ஓடிப்போயிடும். ம்... கேளு.

ஒரு ஊர்ல ஒரு ரப்பர் பட்டறை. அங்க தையல்நாயகின்னு ஒருத்தி வேலை பாத்தா. சரியான வாயாடி. ஆனா வலது கை கிடையாது, அச்சு மெஷின்ல போயிடுச்சு. அதுக்குப் பதிலா ஆஸ்பத்திரியில ஒரு மோட்டார் கை மாட்டிவிட்டாங்க. விர்ர்ருனு மூடும், விர்ர்ருனு திறக்கும். ஆனா எதைத் தொடுறோம்னு அதுக்குத் தெரியாது. டம்ளரைப் பிடிச்சா டம்ளர் சப்பையாயிடும். கேக்குறியா?

"ம்."

அப்போ அவ தம்பிக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. முப்பதாம் நாள் தொட்டில் போடணும். குழந்தையைத் தொட்டில்ல போட்டு, காதுல மூணு தடவை பேர் சொல்றது யார் உரிமை? அத்தை உரிமை! ஆனா தம்பி, "அக்கா, நீ பேரை மட்டும் சொல்லு, குழந்தையை வேற யாராவது தூக்கட்டும்"னான். அவன் பயம் அவனுக்கு. தையலுக்கு நெஞ்சே வெடிச்சுப்போச்சு. "போடா! என் மருமகளை நான்தான் தூக்குவேன்"னா.

அப்புறம், பட்டறையில ஒரு தினுசு ரப்பர் இருந்துச்சு, ஏதோ பொடி கலந்து வார்த்தது. வளைச்சா துளியூண்டு கரண்டு வரும். "தொட்டா சிணுங்குது பாரேன்"னு அவ அதுக்குச் சிணுங்கின்னே பேர் வெச்சா. அதைத் தோல் மாதிரி விரல்ல ஒட்டி, கம்பி கொடுத்தா. ரப்பர் சிணுங்குனா கை இறுக்கக் கூடாது, அதான் ஏற்பாடு.

அப்பளத்தை எடுத்தா. நொறுக்! ரப்பர் செருப்பாட்டம் தடியா இருந்துச்சு, வளையவே இல்ல. வளையாதது எங்க சிணுங்கும்?

அப்புறம் மெல்லிசா வார்த்து ஒட்டுனா. தக்காளியைப் பிடிச்சா. ரப்பர் சிணுங்குச்சு, கை நின்னுச்சு. ஆனா பிடிச்ச பிடியிலயே வெச்சிருந்தாளா, ரப்பர் வளைஞ்சபடி அசையாம கிடந்துச்சு, சிணுங்கல் ஓஞ்சுபோச்சு. கையில ஒண்ணும் இல்ல போலன்னு மோட்டார் திரும்ப இறுக்குச்சு. சதக்! மூஞ்சி பூரா தக்காளி. தரையில உக்காந்து ஓன்னு அழுதா. தொட்டிலுக்கு மூணே நாள்.

தூங்கிட்டியா?

"ம்கூம்."

அப்போ தம்பி பொண்டாட்டி குழந்தையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டிருந்தா. அது தூங்கிப்போயும் தட்டுறதை நிறுத்தல. "அதான் தூங்கிடுச்சே, இன்னும் ஏன் தட்டுற?"ன்னா தையல். "சத்தமே இல்லன்னா எனக்கு பயமாயிருக்கு அண்ணி. தட்டுனா 'ங்ங்'ங்குதுல்ல, இருக்குன்னு தெரியுது"ன்னா அவ.

தையல் துள்ளி எழுந்தா. "அடி சக்கை! அது சும்மா இருந்தா நாமல்ல தட்டிக் கேக்கணும்!"

ராப்பகலா உக்காந்து, மோட்டார் விரலை லேசா, விடாம தட்ட வெச்சா. தட்டத் தட்ட ரப்பர் வளையும், வளைய வளைய சிணுங்கும், எதையோ பிடிச்சிருக்கோம்னு கைக்கு மறக்கவே மறக்காது. பச்சை முட்டையைப் பிடிச்சுக்கிட்டு வீட்டை மூணு சுத்து சுத்துனா. டொக்... டொக்... டொக். பின்னாலயே தம்பி துடைக்கிற துணியோட நடந்தான். ஒரு கீறல் இல்ல, துணிக்கு வேலையே இல்ல.

தொட்டில் அன்னிக்கு தம்பியே குழந்தையைக் கொண்டுவந்து அவ கையில கொடுத்தான். அந்த வாயாடிக்குக் கண்ணு நிறைஞ்சுபோச்சு. தட்டிக்கிட்டே தொட்டில்ல போட்டு, குனிஞ்சு காதுல சொன்னா. "அல்லி... அல்லி... அல்லி..."

"அத்தை! அது என் பேரு!"

ஆமாண்டி. இவ்வளவு நேரமா உன் முதுகுல தட்டிக்கிட்டிருக்கிறது யார் கைன்னு நெனச்ச? கதை வீடு போய்ச் சேந்துடுச்சு, கண்ணை மூடு. நீ தூங்குனாலும் கை தட்டிக்கிட்டுதான் இருக்கும்.