வாசல் கட்டில்

"சாகப்போகிறவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களில் எது நல்ல இல்லம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

குற்றாலிங்கம் இப்படிக் கேட்டபோது மலையடி அம்மை தலையணைக்கு இலவம்பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தாள்.

"உட்காருங்க, ஐயா," என்றாள்.

அவர் உட்காரவில்லை. அவர் எங்கேயும் உட்காரமாட்டார். குருவைவிடச் சீடருக்கு வயது கூடுதல். அவள் அவரை ஐயா என்பாள். அவர் அவளை அம்மா என்பார்.

"யாருக்குக் கேக்கீங்க?"

"என் வீட்டுக்காரிக்கு."

அம்மை பஞ்சைக் கீழே வைத்தாள்.

அவர் மனைவி ஆவுடையம்மாளுக்கு வயிற்றில் நோய். இனி செய்ய ஒன்றுமில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதைச் சொன்ன டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. வலி வந்தால் ஊசி போட ஆள் வேண்டும்.

"நீங்களே ஒரு இல்லம் நடத்துறீங்களே," என்றாள் அம்மை.



அந்த இல்லம் அம்மை சொல்லித்தான் மலையடியில் உண்டானது. முதல் செங்கல் வைத்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டவர் குற்றாலிங்கம். நல்ல பெயர் எடுத்த இல்லம். படுத்திருப்பவர்களுக்குப் புண் வராது. துர்நாற்றம் இருக்காது. வலியில் யாரும் கத்தி அந்தப் பக்கம் போகிறவர்கள் கேட்டதில்லை. உடலை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். தெய்வம் மாதிரி பார்த்தீர்கள் என்பார்கள்.

"யாரும் குறை சொன்னதில்லையா?"

"இதுவரைக்கும் இல்லை."

"படுத்திருந்தவங்க?"

"அவங்க திரும்பி வந்து சொல்ல முடியாதே, அம்மா."

"அப்புறம் ஏன் ஆவுடையம்மாளுக்கு வேற இடம் தேடுறீங்க?"

  அவர் வாசல் கட்டிலைப் பற்றிச் சொன்னார்.

பெண்கள் கூடத்தில் வாசலை ஒட்டி ஒரு கட்டில் உண்டு. அது எப்போதும் காலியாக இருக்கும். யாருக்காவது காலம் நெருங்கிவிட்டால் அவளை அந்தக் கட்டிலுக்கு மாற்றுவார்கள். உள்ளே இறந்தால் மற்றவர்களின் கட்டில்களுக்கு நடுவே உடலைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். வாசலருகே என்றால் சத்தமில்லாமல் முடிந்துவிடும். மற்றவர்கள் பயப்படக்கூடாது என்று அவர்தான் அதைப் போட்டார். நல்லது என்று நினைத்துத்தான் போட்டார்.

யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. காலையில் அவர் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் வந்து நிற்பார். பார்ப்பார். வேளை வந்துவிட்டது என்று தோன்றினால் சலோமியைப் பார்த்துத் தலையை அசைப்பார். சலோமி அங்கே வேலை செய்யும் நர்ஸ். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். காற்று வரட்டும் என்று சொல்லி மாற்றுவாள்.

"படுத்திருக்கிறவங்களுக்கு அது தெரியாதா?"

"தெரியும்."

"அவங்களுக்குத் தெரியும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பேச்சி என்று ஒருத்தி அங்கே படுத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் ஜன்னலாக வெள்ளரிப்பிஞ்சு விற்றவள். யாரையாவது வாசலுக்கு மாற்றும்போதெல்லாம் அவள் கண்டக்டர் குரலில் சொல்வாள், "அடுத்த ஸ்டாப்பு எறங்குறவங்கல்லாம் வாசலுக்கு வாங்க." கூடமே சிரிக்கும். மாற்றப்படுகிறவளும் சில நேரம் சிரிப்பாள்.

"நீங்க?" என்று கேட்டாள் அம்மை.

"நானும்தான்."

"இவ்வளவு நாளும் இதைச் சொல்ல ஏன் வரல?"



அம்மை மறுபடியும் பஞ்சை எடுத்தாள். வாசல் கட்டில் இல்லாத இல்லம் ஒன்று எங்காவது இருந்தால் அதுவே நல்ல இல்லம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள்.

அவர் போனார்.

எங்கே எதைப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்த்தார். உதடு காயாமல் ஈரப் பஞ்சால் துடைத்திருக்கிறார்களா என்று பார்த்தார். நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்தார். கூப்பிட்டால் யார் வருகிறார்கள் என்று வராந்தாவில் நின்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சில இடங்களில் அவருடைய இல்லத்தைவிட நன்றாகவே இருந்தது.

பிறகு அந்தக் கட்டிலைத் தேடினார்.

ஓர் இல்லத்தில் அது கட்டிலாக இல்லை. ஒரு பச்சைத் திரையாக இருந்தது. திரை எந்தக் கட்டிலைச் சுற்றி வந்ததோ அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் படுப்பதில்லை. இன்னோர் இல்லத்தில் அது கடைசி அறையாக இருந்தது. ஜன்னலில் பூந்தொட்டி, சுவரில் சாமி படம். அதன் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் எல்லோரும் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்கள். தென்காசிப் பக்கம் ஓர் இல்லத்தில் எதுவுமே கண்ணில் படவில்லை. அவருக்கு நம்பிக்கை வந்தது. அங்கே படுத்திருந்த ஒரு கிழவி அவரைக் கூப்பிட்டு, எனக்கு இன்றைக்குச் சாயந்தரக் காப்பி வரவில்லை, கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள் தம்பி என்றாள். முந்தைய நாள் காப்பி வராத பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது, அவள் அதையே பார்த்தாள். அங்கே அது காப்பி.

அந்த இல்லத்தின் பொறுப்பாளர் ஓர் அம்மாள். கண்ணாடி போட்டவர். கிளம்பும்போது குற்றாலிங்கம் அவரிடம் கேட்டார், "உங்க அம்மாவுக்கு வந்திருந்தா இங்க வச்சுப் பார்ப்பீங்களா?"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க எந்த இல்லம் நடத்துறீங்க?" என்றார்.

குற்றாலிங்கம் மலையடிக்குத் திரும்பிவந்து எல்லாவற்றையும் சொன்னார். எங்கேயும் இல்லை என்றார். அவளை எங்கே கொண்டுபோவேன் என்று கேட்டார்.

அம்மை ஊசியைத் தலையணையில் குத்திவைத்துவிட்டு எழுந்தாள். அவரோடு இல்லத்துக்கு நடந்தாள். அவள் அங்கே வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பெண்கள் கூடத்துக்குள் போனாள். பேச்சியின் தலைமாட்டில் நின்றாள். நடந்து வந்ததில் அவளுக்குக் கால் நடுங்கியது. உட்கார ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

இல்லை. முன்பு ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு முக்காலி இருந்தது. கூட்டித் துடைக்கத் தடையாக இருக்கிறது, மருந்து வண்டி போக இடம் இல்லை என்று எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னவர் குற்றாலிங்கம். அதற்குப் பிறகு கூடம் பளிச்சென்று இருந்தது. பார்க்க வருகிறவர்களும் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள்.

ஆபீஸிலிருந்து நாற்காலி கொண்டுவரச் சொல்லி அவர் குரல் கொடுத்தார். அது வருவதற்குள் அம்மை தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேச்சியின் முகத்தருகே முகம் வைத்து ஏதோ பேசினாள். பேச்சி ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

நாற்காலி வந்தது. அது சும்மா நின்றது.

வெளியே வந்தபிறகு அவர் கேட்டார், "பேச்சி என்ன சொன்னா?"

"எப்போன்னு கேட்டா."

"நீங்க?"

"கிட்டத்துலதான்னு சொன்னேன்."

குற்றாலிங்கம் நின்றுவிட்டார். அந்த இல்லத்தில் அந்த வார்த்தையை யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

"அதுக்கா சிரிச்சா?"

"வாசல் கட்டில்ல மழைச்சாரல் அடிக்கும். ஐப்பசி பிறக்கதுக்குள்ள போயிரணும், இல்லைன்னா சளி புடிச்சிரும்னா. அதுக்குச் சிரிச்சோம்."

கொஞ்சதூரம் நடந்தபிறகு அம்மை சொன்னாள், "ஆவுடையம்மாளை இங்கயே கொண்டுவாங்க."

கொண்டுவருவதற்கு முன்பு குற்றாலிங்கம் ஒரு காரியம் செய்தார். வாசல் கட்டிலைக் கழற்றிக் கொட்டகையில் போடச் சொன்னார். அது நின்ற இடத்தைக் கழுவிவிடச் சொன்னார். சிமெண்டுத் தரையில் நான்கு கால்களின் தடம் மட்டும் போகவில்லை.

ஆவுடையம்மாளுக்குப் பேச்சியின் பக்கத்துக் கட்டில் கிடைத்தது. ஜன்னலோரம்.

"முதலாளி வீட்டம்மால்லா," என்றாள் பேச்சி. "ஜன்னல் சீட்டு கேக்காமலே கெடைக்கும்."

ஆவுடையம்மாள் சிரித்தாள். நோய் வந்தபிறகு அவள் சிரித்து அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். தான் செய்தது சரி என்று நினைத்தார்.

சில நாட்களில் பேச்சிக்கு மூச்சு மாறியது. குற்றாலிங்கம் கால்மாட்டில் வந்து நின்றார். சலோமி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையை அசைக்கவில்லை. இங்கேயே இருக்கட்டும் என்று கையால் காட்டினார்.

பேச்சி கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே கட்டில் இல்லை. யாரும் வந்து காற்று வரட்டும் என்று சொல்லவும் இல்லை. அவள் அவரைப் பார்த்தாள்.

"என்ன ஐயா, நடு ரோட்டுல எறக்கி விடுதீங்க," என்றாள்.

அது விளையாட்டுக் குரல் இல்லை.

மத்தியானம் சாப்பாடு வந்த நேரத்தில் இறந்தாள். எல்லோர் கண் முன்னாலும் இறந்தாள். உடலை அத்தனை கட்டில்களுக்கும் நடுவே தூக்கிக்கொண்டு போனார்கள். தட்டுகள் அப்படியே திரும்பின.

அதன்பிறகு அந்தக் கூடத்தில் சிரிப்பு இல்லை. ஒருத்தி இருமினால் மற்றவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். காலையில் அவர் யாருடைய கால்மாட்டில் வந்து நிற்கிறாரோ அவள் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டாள்.

ஆவுடையம்மாள் அவரிடம் சொன்னாள், "முன்னால ஒரு கட்டில்தான் வாசல் கட்டில்னு பேச்சி சொன்னா. இப்போ எல்லாமே வாசல் கட்டில்தாங்க."

அவர் அம்மையிடம் ஓடினார்.

"கட்டில் இருந்துச்சு, அது தப்பு. எடுத்தேன், அது அதைவிடத் தப்பாப் போச்சு. திரும்பப் போடவா?"

அம்மை தலையணையின் வாயைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். தலையணையை அவரிடம் நீட்டினாள்.

"ஆவுடையம்மாளுக்கு."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, அம்மா. எது நல்ல இல்லம்?"

"நான் இன்னும் அங்க படுக்கலையே, ஐயா."

அவர் தலையணையோடு திரும்பினார். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. சலோமி கூடத்து வாசலில் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.  அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே போனார். சலோமி ஆவுடையம்மாளின் தலையைத் தூக்கிப் புதுத் தலையணையை வைத்தாள். அவர் போய்க் கால்மாட்டில் நின்றார். எத்தனையோ பேருடைய கால்மாட்டில் நின்றது மாதிரியே நின்றார். மூச்சைப் பார்த்தார். பாதத்தின் நிறத்தைப் பார்த்தார். பார்க்கத் தெரிந்த கண், பார்த்துவிட்டது.

ஏதாவது பேசவேண்டும் என்பதற்காகக் கேட்டார்.

"இந்த இல்லம் எப்படி இருக்கு, ஆவுடை?"

"வலி இல்ல," என்றாள். மூச்சு வாங்கியது. "துணி சுத்தமா இருக்கு. சலோமி தங்கமான பிள்ளை."

"குறை ஏதும் உண்டா?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்காங்க?" என்றாள்.

சலோமி மருந்து வண்டியை நகர்த்தினாள். குற்றாலிங்கம் ஜன்னலைப் பார்த்தார். மலைமேல் வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"ஏங்க."

அவர் திரும்பினார்.   

"ஆமா," என்றார்.

கூடத்தில் எல்லோருக்கும் அது கேட்டது. யாரும் போர்வையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப உட்காருங்க," என்றாள் ஆவுடையம்மாள்.

அவர் சுற்றிலும் பார்த்தார். கூடம் பளிச்சென்று இருந்தது. உட்கார ஒரு முக்காலி இல்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டுப் பக்கம் வந்தார். முழங்கால் மடங்க நேரம் ஆனது. தரையில் உட்கார்ந்தார். அவர் முகம் அவள் முகத்தின் உயரத்துக்கு வந்தது.

அங்கிருந்து, அவள் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். வாசல். அதன் அருகே தரையில் நான்கு தடங்கள். கூடத்தின் எல்லாக் கட்டில்களும் அந்தப் பக்கம் பார்த்தே போடப்பட்டிருந்தன. அவர்தான் போடச் சொன்னார். காற்றுக்காக என்று நினைவு.

அவர் உட்கார்ந்தபடியே நகர்ந்து, அவளுக்கும் வாசலுக்கும் நடுவே வந்தார். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் தலையை அசைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க," என்றாள். "வாசல் தெரியட்டும்."