பூச்சியில்லாத தண்ணீர்

மழைக்காட்டில் மரக்கிளைகளின் மேல் ஒரு செடி உட்கார்ந்திருக்கும். அன்னாசிக்கு அக்காள் தங்கை முறை. இலைகளின் நடுவே குழி, குழி நிறைய மழைத்தண்ணீர். சின்னத் தவளைகள் பிள்ளை வளர்ப்பது அங்கேதான். தலைப்பிரட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு மரமேறி, நல்ல குழியாகப் பார்த்து இறக்கிவிடும்.

செம்பி என்ற தவளைக்கு அந்த மழைக்காலத்தில் தப்பியது ஒரே பிள்ளை. மற்ற முட்டைகளையெல்லாம் எறும்பு தின்றுவிட்டது. பாவம், மிச்சமிருந்த ஒன்றைச் சுமந்துகொண்டு நடுக்காட்டுச் செடிக்கு வந்தாள். எட்டிப் பார்த்ததும் முகம் சுளித்தாள். குழிக்குள் புழு நெளிந்தது, நத்தை ஊர்ந்தது, இலை மக்கிக் கிடந்தது.

“சீ! என் பிள்ளையை இந்தச் சாக்கடையிலா விடுவேன்?”

“இடம் இருக்கும்மா, விடு” என்றது அங்கே குடியிருந்த நீர்வண்டு.

“வேண்டாம். காட்டோரத்துச் செடியில தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. ஒரு பூச்சி கிடையாது.”

“ஏன் கிடையாதுன்னு யோசிச்சியா?”

“சுத்தமான இடத்துல உனக்கெல்லாம் என்ன வேலை?” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போனாள் செம்பி. பிள்ளைக்கு நல்லது தேடுகிறவளிடம் யார் என்ன சொல்லி நிறுத்த முடியும்?

காட்டோரத்துச் செடியில் பிள்ளையை இறக்கிவிட்டு, மறுநாள் போய்ப் பார்த்தாள். பிள்ளை மல்லாந்து மிதந்தது. வால்நுனி மட்டும் லேசாகத் துடித்தது. செம்பி பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்டு விழுந்தடித்து நடுக்காட்டுச் செடிக்கே ஓடிவந்தாள்.

நீர்வண்டு ஒதுங்கி வழிவிட்டது. பொழுது சாயும்போதுதான் பிள்ளை புரண்டு, மக்கிய இலையைக் கொறிக்க ஆரம்பித்தது. செம்பி அழுதே விட்டாள்.

“உங்களுக்கு எப்படி அண்ணே தெரிஞ்சது?”

“அங்கேயும் எங்க ஆளுங்க இருந்தாங்க. காட்டுக்கு வெளியே தோட்டத்துல பூச்சிமருந்து அடிக்கிறாங்க, காத்து அதை இந்தப் பக்கம் கொண்டுவருது. முதல்ல புழுக்கள் செத்துச்சு. அப்புறம் நத்தை, அப்புறம் வண்டு. அடுத்தது யாருன்னு நீயே பார்த்துட்ட.”

“இதை யார்கிட்டயாவது சொல்லக்கூடாதா அண்ணே?”

“சொன்னேனேம்மா, நேத்து உன்கிட்ட.”

செம்பி தலையைக் குனிந்துகொண்டாள்.

புழு பூச்சியும் வாழ முடியாத இடத்தைச் சுத்தமான இடம் என்று நம்பிக் குடியேறுகிறவர்கள், அடுத்த ஆபத்து தங்களுக்குத்தான் என்பதை அறிய வேண்டும்.