நாலாவது சிலிண்டர்

இந்தக் கதையில் பொய் எத்தனை பங்கு என்று என்னிடம் கேட்காதீர்கள். துருவை மட்டும் கவனித்துப் பாருங்கள். விடை அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தூத்துக்குடியில் உப்பளங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் பதினான்கு வருஷமாக ஒரு பழைய கார் நின்றது. அதன் சொந்தக்காரர் தொம்மை, சரக்குத் தோணி ஓட்டும் தண்டல். கொழும்புக்குப் புறப்பட்ட கடைசிப் பயணத்தன்று கார்ச் சாவியை மனைவி ரெஜினாவின் கையில் வைத்து, சிரித்துக்கொண்டே ஒரு சத்தியம் வாங்கினார்.

"சாவியை ஒருத்தரும் திருப்பக் கூடாது. நான் வந்து இந்த வண்டியை எடுக்கிறவரைக்கும் எனக்குச் சாவுப் பூசை வச்சிராதே, என்ன?"

தோணி திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

கோயில் சாமியார் சொல்லிப் பார்த்தார். கொழுந்தன்மார் சண்டை போட்டுப் பார்த்தார்கள். கொடுத்த சத்தியத்தை விடமாட்டேன் என்றாள் ரெஜினா. செத்தவர் வந்து வண்டியை எடுக்க முடியாது. எடுக்காமல் பூசை வைக்க முடியாது. மனைவியா, விதவையா என்று அவளுக்கே தெரியாமல் பதினான்கு வருஷம் போனது. சாவி அவள் கழுத்துக் கயிற்றிலேயே கிடந்தது.

ஒருநாள் மெக்கானிக் சொர்ணப்பன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, மனசுல ஒண்ணு அரிக்குது. அவுக ஏற்கெனவே வந்திருந்தா? வந்து பார்த்து, வண்டி ஸ்டார்ட் ஆகாமத் திரும்பிப் போயிருந்தா? எஞ்சினைச் சரிபண்ணித் தாங்க. சாவியை மட்டும் கேட்கப்படாது."

சொர்ணப்பன் பானெட்டின் மேல் கலையாமல் கிடந்த புழுதியை வழித்துத் தள்ளிவிட்டு, எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினான். மூன்று சிலிண்டர்களின் சுவரிலும் செங்கல் நிறத்தில் துரு. பிஸ்டன்கள் சுவரைக் கவ்விக்கொண்டு அசைய மறுத்தன. நாலாவது மட்டும் பளபளத்தது. குனிந்தவனுக்குத் தன் முகமே அதில் தெரிந்தது.

"அதுல வால்வு ரெண்டும் மூடி நின்னிருக்கும், தங்கச்சி. உப்புக்காத்து நுழையலை. அவ்வளவுதான்" என்றபடி சுவரை விரலால் தடவினான். விரல் நனைந்து வந்தது. புது எண்ணெய். அவள் பார்க்குமுன் விரலைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டான்.

மற்ற மூன்றிலும் டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றி, பத்து நாள் ஊறவிட்டு, கட்டை வைத்துத் தட்டித் தட்டிப் பிஸ்டன்களைப் பிரித்தான். துரு தின்ற சுவரெல்லாம் பள்ளம். லேத்துக்காரர் மைதீன் அந்த மூன்றையும் கடைந்து, உள்ளே புதுச் சுவராக லைனர் இறக்கினார். நாலாவதிடம் வந்தபோது ரெஜினா குறுக்கே வந்தாள்.

"அதை அப்படியே விட்டுருங்க, பாய்."

"பிஸ்டன் தலையில கரி ஏறிக் கிடக்கும்மா. அதையாவது சுரண்டி விடுறேனே."

"வேண்டாம். அவுக ஓட்டின கரி."

அந்தப் பிஸ்டன் கரியோடேயே உள்ளே போனது.

ஓட்டிப் பார்த்தது உச்சி வெயிலில். வெளியே உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. கொட்டகைக்குள் காற்றே இல்லை. டாங்க் ஓட்டையாகியிருந்ததால் ஒரு பாட்டில் நிறையப் பெட்ரோல் ஊற்றித் தொங்கவிட்டு, ட்யூப் மாட்டினான் சொர்ணப்பன். சாவிக்குப் பதில் பேட்டரியிலிருந்து நேரே ஒரு ஒயர். முன்பக்கம் கைப்பிடிக் கம்பியைச் சொருகி மூன்றே சுற்று, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கால் மணி நேரம் ஓடிக் கொதித்ததும், "போதும்" என்று ஒயரைப் பிடுங்கினான்.

எஞ்சின் நிற்கவில்லை.

மூன்று சிலிண்டர்கள் அடங்கிவிட்டன. நாலாவது மட்டும், மார்புக்குள் அடிப்பதைப்போல, விட்டு விட்டு அடித்தது. ஒயர் சொர்ணப்பன் கையில், சாவி ரெஜினா கழுத்தில். யாரோ உட்கார்ந்தாற்போல டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் முனகியது.

"என்ன வே இது?" என்று மைதீன் வாசல்வரை போய்விட்டார்.

சொர்ணப்பன் எண்ணெய்த் துணியைப் பந்தாகச் சுருட்டினான். "எஞ்சினுக்குக் காத்துப் போற வாயை அடைச்சாச் செத்துரும்."

"யாரு?" என்றாள் ரெஜினா.

அவன் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

அவள் டிரைவர் பக்க ஜன்னலில் குனிந்தாள். பதினான்கு வருஷத்துக் கோபமும் அவள் குரலில் இருந்தது.

"வந்துட்டியளா? வர வழி தெரிய இத்தனை வருஷமா? ஆசை தீர ஓட்டியாச்சுல்லா. இனி நீங்களே நிறுத்துங்க."

எஞ்சின் நின்றது. பாட்டிலில் பாதிப் பெட்ரோல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் வழக்கே. சொர்ணப்பன் சொன்னான்: "வண்டியை எடுத்தது நான், என் ஒயரு. அவர் வரலை. சத்தியம் அப்படியே நிக்குது, பூசை வைக்கக் கூடாது." மைதீன் விடவில்லை: "ஒயரைப் பிடுங்கின பெறகு ஓட்டினது யாரு, உம்ம பாட்டனா? தொம்மைதான் வே. பூசை வைக்கலாம்." ரெஜினா சாவியைக் கழுத்திலிருந்து கழற்றி சீட்டில் வைத்தாள். "யாரு எடுத்தா, யாரு ஓட்டினாங்கிற பஞ்சாயத்து எனக்கு எதுக்கு? நிறுத்தினது அவுக. நான் சாமியாரைப் பார்க்கப் போறேன்."

மூவரில் யார் சொன்னது சரி? யோசித்துவிட்டுக் கீழே வாருங்கள்.

விடை: எடுத்தது சொர்ணப்பன்தான், அதுவரை அவன் பேச்சு சரி. ஒயர் போன பின் ஓட்டியது தொம்மை அல்ல, சுரண்டாமல் விட்ட கரி. சூடேறினால் அது கங்காகிப் பெட்ரோலைத் தானே பற்றவைக்கும். அதனால்தான் கரியில்லாத மூன்றும் அடங்கின. மைதீன் பேச்சு எடுபடாது. ஆனால் கரிக்குக் காது கிடையாது. துணி அடைக்கவில்லை, பெட்ரோல் தீரவில்லை, சொன்னதும் நின்றது. நிறுத்தச் சொன்னதைக் கேட்க ஓர் ஆள் அங்கே வந்திருந்தார். நிறுத்த முடிந்தவர் கையில்தான் வண்டி இருந்தது, ஆகவே ரெஜினா சொன்னதே சரி. வெள்ளிக்கிழமை பூசை நடந்தது. சனிக்கிழமை, இனியாவது கரியைச் சுரண்டலாம் என்று சொர்ணப்பன் மூடியைக் கழற்றினான். நாலாவது சிலிண்டரில் அன்று விரலில் ஒட்டிய எண்ணெய் இல்லை; சுவர் முழுக்கச் செங்கல் நிறத்தில் துரு. ஒரு நாள் துரு அல்ல. பதினான்கு வருஷத் துரு.