மூன்றாவது சாட்சி

கிறிஸ்துமஸ் மதியம் நாங்கள் உண்ட மயக்கத்தில் சாய்ந்திருக்கும்போது அம்மா இந்தப் புதிரைப் போடுவாள். கதை அவளுடைய சொந்தக் கதைதான். வருடா வருடம் கேட்டதுதான் என்றாலும், வருடா வருடம் விடைக்குச் சண்டை போடுவோம். சண்டை போட இப்போது ஆளில்லை, மனம் ஏங்குகிறது. நீங்களாவது கேளுங்கள்.

அம்மா பியூலாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்து ஆளாக்கியது அண்ணன் ஆசீரும் அக்கா தங்கபுஷ்பமும். அப்போது எல்லாரும் பாளையங்கோட்டையில் இருந்தார்கள். தன்னோடு வேலை பார்த்த சிதம்பரம் வாத்தியாரைக் கட்டிக்கொள்வேன் என்று அம்மா சொன்னபோது இருவருமே கூடாது என்றார்கள். அப்பா மதம் மாறுவதாக இல்லை. மாறச் சொல்ல அம்மாவுக்கும் மனமில்லை. பதிவு அலுவலகத்தில் கல்யாண நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள்.

நோட்டீஸ் காலாவதியாகும் கடைசி நாள் அது. மூன்று சாட்சிகள் வேண்டும். மூன்றாவது ஆள் பயந்துபோய்க் கம்பி நீட்டிவிட்டார். அன்று தவறினால் மறுபடி நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அப்பாவுக்கு வீட்டில் வேறு பெண்ணை முடித்துவிடுவார்கள்.

அம்மா அக்கா வீட்டுக்கு ஓடினாள். பெரியம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டாள்.

"ஏட்டி, இது எனக்குச் சரியாப் படல. சபையில சாட்சி சொல்லுற நான், மனசு ஒப்பாம இதுக்கு எப்படிச் சாட்சி நிப்பேன்? ஆனா சாயங்காலம் ரெண்டு பேரும் இங்கதான் சாப்பிட வரணும்."

அழுதுகொண்டே அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஆசீர் மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்து கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், "தாயில்லாப் பிள்ளை தெருவுல அலையக் கூடாதுன்னு வந்தேன். இனி என் வீட்டு வாசல்ல ஏறாத" என்றார்.

சொன்னபடியே கடைசிவரை அம்மாவை உள்ளே விடவில்லை. பெரியம்மாவோ அன்று தொடங்கி ஞாயிறுதோறும் சோறு போட்டாள். சாப்பிடும் முன் ஜெபத்தில், அப்பா காதில் விழும்படியே, இவரும் உம்மை அறிய வேண்டும் ஆண்டவரே என்பாள். அப்பா சிரித்துக்கொண்டே ஆமென் சொல்லுவார்.

அக்காவை மட்டும் நம்பியிருந்தால் கல்யாணமே நடந்திருக்காது. அண்ணனை மட்டும் நம்பியிருந்தால் அம்மாவுக்குப் பிறந்த வீடே இல்லை. சொல்லுங்கள், இவர்களில் அம்மாவிடம் அன்பாய் நடந்தது யார்?

விடை: அம்மா சொல்லுவது, அக்காதான். கையெழுத்தை எதிர்க் கடைக்காரர் போட்டாலும் சட்டம் ஏற்கும். சாப்பிட வா என்று கூப்பிட அக்காவால்தான் முடியும். பெரியம்மா இதை ஒத்துக்கொண்டதே கிடையாது. "நான் என்னால முடிஞ்சதச் செஞ்சேன். அவன் தன்னால முடியாததையில்லா செஞ்சான்" என்பாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாமா வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் அதிரசமும் முறுக்கும் நான்தான் கொண்டுபோவேன். வாசலிலேயே வாங்கிக்கொள்வார், என் முகத்தைப் பார்க்க மாட்டார். ஆனால் அந்தச் சட்டி ஒரு வருடம்கூட வெறுமையாகத் திரும்பியதில்லை. அடியில் ஒரு கைப்பிடி சீனி இருக்கும்.